பதினைந்து எண்ணிக் கேட்கும் இசை: முவாண்டிஷி குழுவின் மூன்று தட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஜாஸ் இசைக்குள் மின்கருவிகள் நுழைந்த காலத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஹெர்பி ஹான்காக் என்ற பியானோக் கலைஞரைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது பெரும்பாலும் 1973இல் வெளியாகிப் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையான 'ஹெட் ஹன்டர்ஸ்' என்ற இசைத்தட்டுதான். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் நடத்திய 'முவாண்டிஷி' என்ற குழுவும், அது விட்டுச்சென்ற 'முவாண்டிஷி' (1971), 'கிராஸிங்ஸ்' (1972), 'செக்ஸ்டன்ட்' (1973) ஆகிய மூன்று தட்டுகளும் அந்தப் பெருவெற்றியின் நிழலில் மறைந்துபோயின. அவற்றை இலங்கையின் நம் மலையகத்தில் இருந்துகொண்டு எப்படிக் கேட்கத் தொடங்கலாம், எந்த வரிசையில் கேட்கலாம், கேட்கும்போது காதை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் முதலில் இந்த இசையைத் தவறான முறையில்தான் கேட்டேன். தலவாக்கலைக்கு அருகில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் அறையான ஒரு லயன் காம்பராவில், இரவு பத்து மணிக்குப் பிறகு, கைபேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அதன் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் 'செக்ஸ்டன்ட்' தட்டை ஓடவிட்டேன். ஏதோ சொட்டுகிற சத்தமும், எங்கோ தொலைவில் ஊதுகிற சத்தமும், இடையிடையே தாளத்தின் உரசலும் தவிர வேறொன்றும் விளங்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மாதங்கள் பல கழிந்து, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஹெட்ஃபோனில் அதே குழுவின் வேறொரு பாடலைக் கேட்டபோதுதான், அன்று நான் கேட்டது இசையின் மேற்பாதியை மட்டுமே என்பது தெரிந்தது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளை உடையது. கைபேசியின் ஒலிபெருக்கியால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. மற்றப் பாடல்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனெனில் அங்கே குரலும் மெட்டும் மேலே இருக்கின்றன. முவாண்டிஷி குழுவின் இசையிலோ பேஸ்தான் வீட்டின் அத்திவாரம். அது கேட்காவிட்டால் மற்ற எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

ஆகவே முதல் வேலை, அடிச்சத்தம் கேட்கும் ஒரு வழியைத் தேடிக்கொள்வது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதை நன்றாக மூடி அமரும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். வீட்டில் பழைய கசெட் ரேடியோ இருந்து, அதில் வெளிக்கருவியை இணைக்கும் துளையும் இருக்குமானால், கைபேசியிலிருந்து ஒரு வயர் மூலம் அதற்குக் கொடுத்துக் கேட்கலாம். அந்தப் பெட்டிகளின் அகலமான ஒலிபெருக்கிகள் தாழ்ந்த சுரங்களை ஓரளவு நேர்மையாகவே தருகின்றன. மலைச் சரிவுகளில் சிக்னல் வந்துவந்து போவதால், டவுனுக்குப் போகிற நாளில் பாடல்களை முழுமையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு பாடல் நடுவில் அறுந்துபோவது, கூத்தின் நடுவில் விளக்கு அணைவதைப் போன்றது.

கேட்பதற்கு முன் குழுவில் யார் எந்தக் கருவியை வாசிக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது; இந்த இசையில் ஒருவர் முன்னால் நிற்க மற்றவர்கள் பின்னால் நிற்கும் ஒழுங்கு இல்லை, ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டியிருக்கும். ஹான்காக் ஃபெண்டர் ரோட்ஸ் எனப்படும் மின்பியானோவை வாசிக்கிறார். சிறு சுத்தியல்கள் உலோகக் கம்பிகளைத் தட்ட, அந்த அதிர்வை மின்சாரம் ஒலியாக்குகிற கருவி அது. பேஸ் பஸ்டர் வில்லியம்ஸ், டிரம்ஸ் பில்லி ஹார்ட், எக்காள வகைக் கருவிகளான டிரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் எடி ஹென்டர்சன், டிராம்போன் ஜூலியன் பிரீஸ்டர், பேஸ் கிளாரினெட், சாக்ஸபோன், ஆல்டோ புல்லாங்குழல் ஆகியவை பென்னி மாப்பின். கறுப்பின அமெரிக்கர்கள் தம் ஆபிரிக்க வேர்களைத் தேடிய அந்தக் காலத்தில், ஜேம்ஸ் முட்டூமே என்ற இசைக்கலைஞர் இவர்களுக்குச் சுவாஹிலி மொழியில் பெயர்கள் சூட்டினார். ஹான்காக்குக்குக் கிடைத்த பெயர் முவாண்டிஷி, எழுதுபவர் என்று பொருள்; அதுவே பின்னர் குழுவின் பெயரும் ஆயிற்று. ஹென்டர்சனுக்கு வைத்தியர் என்று பொருள்படும் முகாங்கா என்ற பெயர் வந்தது. அவர் உண்மையிலேயே மருத்துவப் பட்டம் பெற்று சான்ஃபிரான்சிஸ்கோவில் மருத்துவராகவும் பணியாற்றியவர். பாறை என்று பொருள்படும் ஜபாலி என்ற பெயர் டிரம்ஸ் வாசிப்பவருக்குச் சென்றது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கேட்டால் உணர்வீர்கள்.

தொடங்க வேண்டிய இடம், 'முவாண்டிஷி' தட்டின் முதற் பாடலான 'ஆஸ்டினாட்டோ'. புகழ் கூடியது 'செக்ஸ்டன்ட்' என்பதால் பலர் அதிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கதவைத் தட்டாமல் நேரே உள்வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. 'ஆஸ்டினாட்டோ' 13 நிமிடம் நீளும். அது சிறையில் இருந்த ஏஞ்சலா டேவிஸுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இசை. கறுப்பின உரிமைப் போராட்டக்காரரும் மெய்யியல் ஆசிரியருமான அவர் 1970 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, 1972 ஜூனில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அவர் சிறைக்குள் இருந்த நாட்களில், 1970ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில் இந்தத் தட்டு பதிவாயிற்று. ஆஸ்டினாட்டோ என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு இசைத்தொடரைக் குறிக்கும் கலைச்சொல். இத்தாலிய மொழியில் அதன் நேர்ப்பொருள் பிடிவாதம் என்பதாகும். சிறைப்பட்ட ஒருவருக்கு விட்டுக்கொடுக்காத ஒரு பேஸ் வரியை அனுப்பிவைத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பேஸ் வரியை எண்ணப் பழகுங்கள். இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றையே செய்வதானால் இதைச் செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு 15 எண்ணிக்கை. அது எட்டும் ஏழுமாகப் பிரிகிறது. முதலில் தட்டை ஓடவிடாமல், வாயால் 'தகதிமி தகஜணு, தகதிமி தகிட' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். முன்பாதி எட்டு, பின்பாதி ஏழு. ஐந்து நிமிடம் சொன்ன பிறகு, ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் கையால் ஒருமுறை தட்டுங்கள். அந்த இரண்டு தட்டுக்கும் இடையிலான தூரம் ஒரே அளவில் இல்லை என்பதைக் கை உணரத் தொடங்கியதும் பாட்டை ஓடவிட்டு, பேஸின் மேல் சொற்கட்டைப் பொருத்துங்கள். முதல் தடவை பொருந்தாது; இரண்டாம் மூன்றாம் தடவையில் பொருந்தும். அழுத்தம் சரியாக எங்கெங்கே விழுகிறது என்பதைச் சொற்கட்டு சொல்லாது, அதைப் பிறகு உங்கள் காது கண்டுபிடித்துக்கொள்ளும். பொருந்திய பிறகு எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கொண்டே இருப்பவருக்கு எண்ணிக்கை மட்டுமே கேட்கும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் தப்பு என்ற பறையை அடிக்கும் என் மாமா. காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, மரண வீட்டுக்கு ஓர் அடி என்று வாழ்நாள் முழுதும் அடித்த கை அவருடையது. வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அமர்ந்திருந்தவரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி இந்தப் பாடலைக் கேட்கச் செய்தேன். நான் நாட்கணக்கில் விரல்விட்டு எண்ணிக் கண்டதை அவர் இரண்டு நிமிடத்தில் முழங்காலில் தட்டிக் காட்டினார். "ரெண்டு அடியாத்தான் வருது மருமகனே. முன்னடி முழுசா இருக்கு, பின்னடியில ஒண்ணு குறையுது. அந்தக் குறையுற இடத்துலதான் காலு தூக்குது" என்றார். அதைவிடச் சரியாக இந்தப் பாடலை விளக்கும் வாக்கியத்தை நான் இன்றுவரை காணவில்லை. பின்பாதியில் ஓர் எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு சுற்றும் சற்று முன்னதாகவே திரும்பி வருகிறது. அந்த அவசரமே 13 நிமிடமும் நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது.

பேஸ் காதில் நிலைத்த பிறகு மேலே பாருங்கள். இந்தப் பதிவில் பில்லி ஹார்ட்டோடு லியோன் சான்ஸ்லர் என்ற இரண்டாவது டிரம்ஸ் கலைஞரும், செப்பிட்டோ ஏரியாஸ் என்ற தாளக் கலைஞரும், ரானி மான்ட்ரோஸ் என்ற கிட்டார் கலைஞரும் சேர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் தாளம் அவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது. பாடலைத் திரும்பக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். ஒரு நாள் பேஸ் கிளாரினெட், மறுநாள் மின்பியானோ, அதற்கு மறுநாள் டிராம்போன். ஹான்காக் தம் பியானோவை எக்கோப்ளெக்ஸ் என்ற நாடா எதிரொலிக் கருவி வழியாகச் செலுத்தும்போது, ஒரு சுரம் தட்டப்பட்ட பின் மலைக்கு மலை மோதித் திரும்பும் கூவலைப் போல மெலிந்து மெலிந்து வருவதைக் கவனியுங்கள். கொழுந்து மலையில் நின்று எதிர்மலைக்குக் கூப்பிட்டவர்களுக்கு அந்த ஒலி புதிதாக இராது.

அடுத்த பாடலான 'யூல் நோ வென் யூ கெட் தேர்' இதற்கு நேர்மாறானது. பத்து நிமிடம் நீளும் அமைதியான இசை. ஹென்டர்சனின் ஊதலும் மாப்பினின் ஆல்டோ புல்லாங்குழலும் மூடுபனி இறங்கும் வேகத்தில் வருகின்றன. இதற்கு நேரம் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் மேல் மழை பெய்கிற மாலையில் இதைப் போட்டால் ஒன்றுமே கேட்காது. மழை நாளுக்கு 'ஆஸ்டினாட்டோ'வை வைத்துக்கொண்டு, மழை விட்ட இரவுக்கு இதை ஒதுக்குங்கள். தட்டின் மறுபக்கம் முழுவதையும் நிரப்பும் 'வாண்டரிங் ஸ்பிரிட் சாங்' பிரீஸ்டர் இயற்றியது, 21 நிமிடத்துக்கு மேல் நீளும். நடுவில் அது தாளத்தை உதறிவிட்டு இரைச்சலின் எல்லைவரை போய் மீள்கிறது. முதல் மாதத்தில் அதைத் தொட வேண்டாம் என்பது என் ஆலோசனை.

இரண்டாவது தட்டான 'கிராஸிங்ஸ்' 'ஸ்லீப்பிங் ஜயன்ட்' என்ற பாடலோடு தொடங்குகிறது. ஏறக்குறைய 25 நிமிடம். இத்தனை நீளத்தைக் கண்டு பலர் பின்வாங்குவதை அறிவேன். ஆனால் மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்க்க இரவு முழுதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்து, விடியற்காலையில் மதன் எரிவதைக் கண்ட பிறகே எழுந்துபோகும் மக்கள் நாம். அந்த இரவில் நாம் எப்படிப் பார்க்கிறோம்? ஒவ்வொரு கணமும் முதுகை நிமிர்த்திக் கவனிப்பதில்லை. தப்பு தீயில் காய்ச்சப்படும் இடைவேளையில் தேநீர் குடிக்கிறோம், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுகிறோம், அடி மாறியதும் யாரும் சொல்லாமலே தலை மேடைப்பக்கம் திரும்புகிறது. அடி மாறும் இடத்தை உடம்பு அறிந்துகொள்ளும் இந்தப் பழக்கமே 'ஸ்லீப்பிங் ஜயன்ட்' கேட்பதற்குப் போதுமான பயிற்சி. பாடல் எல்லோரும் தாளக் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்ட ஒரு முழக்கத்தோடு தொடங்குகிறது. பிறகு மின்பியானோ வருகிறது. துள்ளலான பகுதிகளுக்கு நடுவே ஊதுகருவிகள் சேர்ந்து மெதுவாக நடக்கும் பகுதிகள் வருகின்றன. ஒரு தாளில் நிமிடக் கணக்கை எழுதி, அடி மாறும் இடங்களை மட்டும் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று தடவை குறித்த பிறகு அந்த 25 நிமிடம், ஒன்றையடுத்து ஒன்றாக வரும் ஐந்தாறு காட்சிகளாக உங்கள் மனத்தில் தங்கிவிடும்.

'கிராஸிங்ஸ்' பதிவின்போதுதான் பேட்ரிக் கிளீசன் குழுவுக்குள் வந்தார். ஆங்கில இலக்கியம் கற்பித்துவிட்டு, மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் கருவியான சின்தசைசர் பக்கம் திரும்பியவர் அவர். தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சன் ஹான்காக்கைக் கிளீசனின் சான்ஃபிரான்சிஸ்கோ கலையகத்துக்கு அனுப்பினார். கருவியைத் தயார்செய்து கொடுத்தால் தானே வாசித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு போன ஹான்காக், கிளீசன் செய்துகாட்டியதைக் கேட்டபின் அவரையே வாசிக்கச் சொல்லி, பின்பு குழுவிலும் சேர்த்துக்கொண்டார். இந்தத் தட்டின் மறுபக்கத்தில் உள்ள 'குவேசார்', 'வாட்டர் டார்ச்சர்' என்ற இரண்டும் மாப்பின் இயற்றியவை. கிளீசனின் ஒலிகளை இங்கே மெட்டாகத் தேடாதீர்கள். பனி, காற்று, நீர் என்று இசையைச் சூழ்ந்திருக்கும் வானிலையாக எடுத்துக்கொண்டால் அவை உடனே இடத்தில் அமர்ந்துவிடும்.

இனி 'செக்ஸ்டன்ட்'. இதில் முதற் பாடலை விட்டுவிட்டு, இரண்டாவதான 'ஹிடன் ஷேடோஸ்' என்பதிலிருந்து தொடங்குங்கள். அதன் சுற்று 19 எண்ணிக்கை கொண்டது. 15ஐ எண்ணியதைப் போல 19ஐயும் எண்ண முயன்றால் களைப்புத்தான் மிஞ்சும். பேஸ் வரி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து விழும் அந்த ஒற்றைக் கணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் முதற் பாடலான 'ரெயின் டான்ஸ்' பக்கம் வாருங்கள். நான் அன்றிரவு சொட்டுச் சத்தம் என்று ஒதுக்கிய பாடல் அதுதான். கிளீசனின் சின்தசைசர் தூவும் அந்தத் துளிகளே அங்கே தாளம். தகரத்தில் முதல் மழைத்துளிகள் ஒழுங்கில்லாமல் விழுந்து, சிறிது நேரத்தில் காதுக்கு ஓர் ஒழுங்கு புலப்படுவது போலவே அதிலும் நேர்கிறது. கடைசிப் பாடலான 'ஹார்னெட்ஸ்' ஏறத்தாழ 20 நிமிடம் நீளும். குளவிக் கூடு கலைந்ததைப் போன்ற இரைச்சல் அது. குளவி கொட்டி வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்களைப் பார்த்த நமக்கு அந்தப் பெயரே சற்று நடுக்கம் தரும். எனக்கு அந்தப் பாடல் இன்னும் முழுமையாக வசப்படவில்லை; ஆனாலும் வருடத்தில் ஓரிரு தடவை அதை எடுத்துக் கேட்கிறேன்.

தோட்டத்துத் திருவிழா மேடைகளில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் வாசிக்கும் இளைஞர்கள் இந்த இசையை வாசித்தும் பார்க்கலாம். பாடலை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. எட்டும் ஏழுமான சுற்றுக்கு ஆறேழு சுரங்களில் சொந்தமாக ஒரு பேஸ் வரி அமைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் மின்பியானோ ஒலியைத் தேர்ந்து, எதிரொலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தப்புப் பறை இருந்தால் மிக நல்லது, ஆனால் முதல் ஐந்து நிமிடம் தப்பு ஒவ்வொரு பாதியின் தொடக்கத்தையும் மட்டுமே அடிக்கட்டும். மேடைப் பழக்கத்தில் நாம் ஒவ்வோர் இடைவெளியையும் நிரப்பிவிடுகிறோம். இங்கே அதுவே பெரிய தடை. பஸ்டர் வில்லியம்ஸ் தம் வரியை இயந்திரம் போல ஒரே விதமாக வாசிப்பதில்லை என்பதையும், ஆனால் அவர் செய்யும் மாற்றங்கள் எதுவும் மற்றவர்களின் காலடியை இழுக்கும் அளவுக்குப் பெரிதாவதில்லை என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு சுரத்தை மாற்றினால், அதைக் கேட்டு இன்னொருவர் பதில் சொல்லும்வரை மூன்றாமவர் எதையும் மாற்றாமல் காத்திருப்பது நல்ல பயிற்சி. எங்கள் குழு இதைப் பழகத் தொடங்கியபோது, 15 எண்ணிக்கையைப் பிடிப்பதைவிடக் காத்திருப்பதே கடினமாக இருந்தது.

மூன்று தட்டுகளும் பழகிய பின், இக்குழுவினர் வேறு பெயர்களில் செய்தவற்றைத் தேடலாம். 1973இல் ஹான்காக் குழுவைக் கலைத்தார். ஏழு பேரையும் அவ்வளவு கருவிகளையும் ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் செலவை, கேட்க வந்த சிறு கூட்டத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. ஆனால் அதே ஆண்டு வெளியான எடி ஹென்டர்சனின் 'ரியலைசேஷன்' தட்டில் ஹான்காக், மாப்பின், வில்லியம்ஸ், ஹார்ட், கிளீசன் எல்லோரும் இருக்கிறார்கள். பில்லி ஹார்ட்டோடு லென்னி வைட்டும் டிரம்ஸ் வாசிக்கிறார். 1974இல் ஜூலியன் பிரீஸ்டரின் 'லவ், லவ்', பென்னி மாப்பினின் 'த ஜுவல் இன் த லோட்டஸ்' என்ற இரண்டும் இ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடுகளாக வந்தன. மூன்றில் முதலில் கேட்க வேண்டியது 'ரியலைசேஷன்', ஏனெனில் அதில் காது ஏற்கெனவே அறிந்த குரல்கள் எல்லாம் இருக்கின்றன. மாப்பினின் தட்டு மிக மெல்லியது. ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்பதானால், கொழுந்து லொறிகள் ஓடத் தொடங்குவதற்கு முந்திய அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள்.